கிறிஸ்டியன் ஓர்ட்டரின் 1775-ஆம் ஆண்டு நீள்துப்பாக்கி: ஒரு கைவேலையின் ஆய்வு

2019-ஆம் ஆண்டு அக்டோபர் மாத இறுதியில், பிலடெல்பியா நகரிலுள்ள அமெரிக்கப் புரட்சி அருங்காட்சியகத்தில் ஒரு பழைய துப்பாக்கி பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டது. பென்சில்வேனியாவில் நாசரேத் என்னும் ஊரை அடுத்திருந்த கிறிஸ்டியன்ஸ் ஸ்பிரிங் குடியிருப்பின் பட்டறையில், 1775-ஆம் ஆண்டில் யோஹான் கிறிஸ்டியன் ஓர்ட்டர் என்பவர் செய்த, வாய்வழியாக வெடிமருந்தும் குண்டும் இடப்படும், உட்புறத்தில் சுருள் பள்ளம் வெட்டிய நீண்ட புரிகுழல் துப்பாக்கி அது. 1971 அக்டோபர் 2 அன்று பென்சில்வேனியாவின் வேலி ஃபோர்ஜ் பூங்காவின் கண்காட்சிப் பேழையிலிருந்து களவுபோன அப்பொருள், 2018-இல்தான் வெளிப்பட்டது. ஏறத்தாழ அரை நூற்றாண்டுக் காலம் அது எவர் கண்ணிலும் படாமல் கிடந்தது.

செய்தித்தாள்கள் இதைக் களவும் மீட்பும் பற்றிய கதையாகவே எழுதின. அந்தக் கதை சுவையானது என்பதில் ஐயமில்லை. எனினும் இந்நிகழ்வின் ஒவ்வொரு திருப்பத்திலும் உள்ளே நின்று இயக்கியது அத்துப்பாக்கியின் வேலைப்பாடு என்றே நான் கருதுகிறேன். வேலைப்பாட்டின் சிறப்பினால்தான் அது பேழைக்குள் வைக்கப்பட்டது, அதனால்தான் திருடப்பட்டது, அது அவ்வளவு செம்மையாக இருந்ததால்தான் பிற்காலத்தில் புதிதாகச் செய்த நகல் என்று எண்ணப்பட்டது, உற்றுப் பார்த்த பிறகு அசல் என்று அறியப்பட்டதும் அதே வேலைப்பாட்டினால்தான். ஆகவே இந்த ஆய்வில் களவைச் சுருக்கமாகவும் கைவேலையை விரிவாகவும் எடுத்துக்கொள்கிறேன்.

பட்டறை

கிறிஸ்டியன்ஸ் ஸ்பிரிங் ஒரு சாதாரணச் சிற்றூர் அன்று. மொராவியத் திருச்சபை என்னும் கிறித்தவப் பிரிவைச் சேர்ந்த மணமாகாத ஆண்கள் ஒருங்கே வாழ்ந்து, உழவும் தொழிலும் பழகுவதற்காக 1749-இல் அமைத்த குடியிருப்பு அது. ஜெர்மன் மொழி பேசிய அம்மக்கள் தொழிலை வழிபாட்டுக்கு அடுத்த நிலையில் வைத்துப் போற்றினார்கள். தமிழ் வாசகர்களுக்கு இத்திருச்சபை முற்றிலும் அயலானதும் அன்று. நிக்கோபார் தீவுகளுக்குச் செல்லும் நோக்கத்துடன் 1760-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கி, அதன் அருகே சகோதரர் தோட்டம் என்னும் குடியிருப்பை அமைத்துக் கைத்தொழிலால் தம்மைத் தாமே காத்துக்கொண்ட குழுவினரும் இதே மொராவியர்களே.

அங்கே துப்பாக்கித் தொழிலுக்கு வித்திட்டவர் ஆண்ட்ரியாஸ் ஆல்பிரெக்ட். ஜெர்மனியில் துப்பாக்கித் தொழிலுக்குப் பேர்போன சூல் நகரின் சுற்றுவட்டாரத்தில் பிறந்து, 1750-இல் பென்சில்வேனியாவுக்கு வந்தவர். அவரிடம் தொழில் பழகிய ஓர்ட்டர் 1747-இல் பிறந்தவர். 1766-இல் ஆல்பிரெக்ட் வேறு பொறுப்புக்குச் சென்றபோது, இருபது வயதுகூட நிரம்பாத நிலையில் பட்டறை ஓர்ட்டர் கைக்கு வந்தது. 1777-இல் அவர் இறந்துவிட்டார். முப்பது ஆண்டு வாழ்வில் பட்டறைத் தலைமை பத்தாண்டு அளவே என்பதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் இந்தத் துப்பாக்கியைப் பார்க்க வேண்டும். முதிர்ந்த ஆசானின் இறுதிக்காலப் படைப்பு என்று எவரும் மதிப்பிடக்கூடிய பொருள், உண்மையில் இருபத்தெட்டு வயதையொட்டிய ஓர் இளைஞரின் கைவேலை.

ஆண்டும் கவனத்துக்குரியது. 1775 ஜூன் 14-ஆம் நாள் அமெரிக்கக் குடியேற்றங்களின் பேராயம், புரிகுழல் துப்பாக்கி வீரர்கள் அடங்கிய பத்துப் படைப்பிரிவுகளை அமைக்க முடிவு செய்தது. அவற்றில் ஆறு பென்சில்வேனியாவுக்கு உரியவை. போரில் ஆயுதம் ஏந்த மறுக்கும் கொள்கை மொராவியர்களிடையே வலுவாக இருந்தது. வேட்டைக்காரர்களுக்கும் எல்லைப்புறக் குடியானவர்களுக்கும் துப்பாக்கி செய்துவந்த அவர்களுடைய பட்டறையை நோக்கிப் போர்க்காலத்தின் தேவை திரும்பிய ஆண்டு அது.

இரும்பு

ஜெர்மனியிலிருந்து வந்தவர்கள் கொண்டுவந்த வேட்டைத் துப்பாக்கி குட்டையானது. குழல் முப்பது அங்குல அளவு, வாய் அகலம், குண்டு பெரியது. பென்சில்வேனியாவின் பட்டறைகளில் இரண்டு தலைமுறைக் காலத்தில் குழல் நாற்பது அங்குலத்தைத் தாண்டி நீண்டது. வாய் அரை அங்குல அளவுக்குக் குறுகியது. காட்டில் நெடுநாள் தங்கும் வேட்டைக்காரனுக்கு ஈயமும் மருந்தும் அரிய பொருள்கள். சிறிய குண்டு ஈயத்தைச் சேமித்தது. நீண்ட குழல் குறிபார்க்கும் கோட்டை நீட்டித்ததோடு, மருந்து முழுமையாக எரிந்து குண்டை உந்துவதற்கும் இடம் கொடுத்தது. நீள்துப்பாக்கியின் ஒடிசலான அழகு, முதலில் இந்தச் சிக்கனத்திலிருந்து பிறந்தது என்பதை மறக்கலாகாது.

குழல் செய்வதே இத்தொழிலின் மிகக் கடினமான பகுதி. நீண்ட இரும்புப் பட்டையை ஓர் இரும்புக் கம்பியைச் சுற்றி வளைத்து, உலையில் வெண்சூடு ஏற்றி, ஒரு முறைக்கு ஓரிரு அங்குலமாக அடித்து ஒட்டுவார்கள். இரும்பின் நிறம் ஒன்றே அளவுகோல். சூடு குறைந்தால் பற்று பிடிக்காது, மிகுந்தால் இரும்பு எரிந்து கெடும். ஒட்டிய குழலை நீண்ட துளைக்கருவிகளால் படிப்படியாகக் குடைந்து நேராக்கி, வெளிப்புறத்தை எட்டுப் பட்டையாக அராவுவார்கள். அந்த எட்டுப் பட்டைகளும் ஒரே அளவில் செல்பவை அல்ல. மருந்து வெடிக்கும் அடிப்பகுதியில் தடித்துத் தொடங்கி, நடுவில் மெல்ல இளைத்து, வாய்ப்புறத்தில் மீண்டும் சற்றே விரியும். அதன் பயனை ஒரு முறை தூக்கிப் பார்ப்பவர் உடனே உணர்வார்: நீளத்தைக் கண்டு எதிர்பார்க்கும் முன்பாரம் கையில் இருக்காது. அந்த வளைவை எட்டுப் பட்டைகளிலும் ஒருங்கே அரத்தால் கொண்டுவருவதற்குக் கண்ணைத் தவிர வேறு துணை கிடையாது.

அடுத்தது உட்புறத்தில் புரி வெட்டுதல். மரத்தாலான நீண்ட விசிப்பலகையில், சுருள் வரி செதுக்கிய ஒரு வழிகாட்டி உருளையை முன்னும் பின்னும் இழுக்கும்போது, அதனுடன் பிணைந்த கோலின் முனையிலுள்ள சிறு பல் குழலுக்குள் திரும்பிக்கொண்டே சென்று மெல்லிய பள்ளம் கீறும். பல்லின் அடியில் தாள் துண்டுகளை வைத்து உயர்த்தி உயர்த்தி, பள்ளத்தை வேண்டிய ஆழத்துக்குக் கொண்டுவருவார்கள். பிறகு அடுத்த பள்ளம். பெரும்பாலும் ஏழு அல்லது எட்டுப் பள்ளங்கள் இருக்கும். குழல் வாயைவிடச் சற்றே சிறிய ஈயக் குண்டை, கொழுப்பு தடவிய துணித்துண்டில் பொதிந்து உள்ளே செலுத்தினால், துணி அந்தப் பள்ளங்களைக் கவ்விக்கொள்ளும். வெடிக்கும்போது குண்டு சுழன்றுகொண்டே வெளியேறி, நேர்கோட்டை விடாமல் செல்லும். அக்காலப் படைவீரனின் புரியற்ற துப்பாக்கி நூறு கஜத்துக்குள் மட்டுமே நம்பத்தக்கதாக இருந்தபோது, தேர்ந்தவன் கையில் இது இருநூறு கஜத் தொலைவிலும் ஆளைக் குறிவைத்தது. ஒரு முறை நிரப்புவதற்கு ஒரு நிமிடம் வரை ஆகும் என்பதும், முனையில் ஈட்டி பொருத்த வழியில்லை என்பதும் இதன் குறைகள். போர்க்களத்தில் அவை பெருங்குறைகளே.

வெளியிலிருந்து பார்ப்பவர் கவனிக்காமல் விடுகிற ஓர் இடத்தை இங்கே சுட்ட விரும்புகிறேன். குழலின் பின்வாயை அடைக்கும் திருகாணி, குழலின் பக்கவாட்டில் தீ உள்ளே செல்ல இட்ட சிறு துளையான பற்றுவாய், அதற்கு வெளியே மருந்துத் துகள் வைக்கும் சிறு கிண்ணம், சக்கிமுக்கிக் கல்லைக் கவ்வி நிற்கும் ‘குதிரை’ என்னும் சுத்தி, கீழே விரல் இழுக்கும் விசை ஆகிய ஐந்தும் சில அங்குலத்துக்குள் ஒன்றையொன்று நம்பி நிற்கின்றன. பற்றுவாய் திருகாணியின் முகப்புக்கு மிகச் சற்றே முன்னால் அமைய வேண்டும். பின்னால் போனால் தீ மருந்தை எட்டாது. கிண்ணத்தின் மட்டத்துக்கு அது ஒத்திருக்க வேண்டும். கிண்ணத்தின் இடம் தீர்மானமானவுடன், கிண்ணத்தையும் குதிரையையும் தாங்கும் பொறித் தகட்டின் இடம் தீர்மானமாகிவிடும். அத்துடன் விசையின் இடமும், குழலைத் தாங்கும் மரக் கட்டையின் கைப்பிடி எங்கே மெலியத் தொடங்கலாம் என்பதும் தீர்மானமாகிவிடும். இரும்பில் நேர்ந்த ஒரு நூலளவுத் தவறு, மரத்தின் அழகில் போய்த் தெரியும். நல்ல நீள்துப்பாக்கியைப் பார்க்கையில் பொறித் தகட்டின் விளிம்பும் மரமும் சந்திக்கும் கோட்டை முதலில் பார்க்க வேண்டும் என்று நான் கருதுவது இதனால்தான். அந்தக் கோடு மயிரிழையாக இருந்தால், அதற்கு முந்தைய எல்லாப் படிகளும் சரியாக நடந்திருக்கின்றன.

மரமும் வெள்ளியும்

பென்சில்வேனியத் துப்பாக்கிகளின் கட்டை பெரும்பாலும் மேப்பிள் மரம். அதிலும் நெளிவரி ஓடும் மரத்தையே தேடி எடுத்தார்கள். நார் அலையலையாக மேலும் கீழும் ஏறி இறங்குவதால் உண்டாகும் வரிகள் அவை. பார்க்க அழகானது, செதுக்கக் கொடியது. நார் திசைமாறும் ஒவ்வோர் இடத்திலும் உளி மரத்தைப் பிய்க்கப் பார்க்கும். இரும்பு கரைத்த நைட்ரிக் அமிலத்தைப் பூசி, காய்ச்சிய இரும்பை அருகே காட்டினால், மரம் கண்ணெதிரே செம்பழுப்பாக மாறும். நெளிவரிகள் அமிலத்தை ஏற்றத்தாழ்வாக உறிஞ்சுவதால் ஒளியும் நிழலும் மாறி மாறி நிற்கும். அதன்மேல் ஆளிவிதை எண்ணெயில் காய்ச்சிய மெருகு.

கட்டை குழலின் முனை வரை செல்கிறது. அதன் அடியில் மருந்து கெட்டிக்கும் கோல் செல்வதற்கான பாதையில் முன்பாதி திறந்த பள்ளம். பின்பாதி மரத்துக்குள்ளேயே துளையிடப்பட்ட குகை. குழல் படுக்கும் பள்ளத்துக்கும் அந்தக் குகைக்கும் நடுவே மெல்லிய மரச்சுவர் மட்டுமே உண்டு. நீண்ட துளைக்கருவி நாரின் போக்கில் சற்றே சாய்ந்துவிட்டால், மேலே குழலின் பள்ளத்தில் வந்து எட்டிப்பார்க்கும், அல்லது கீழே வெளியே வந்துவிடும். அதுவரை செய்த வேலை அனைத்தும் வீண். பார்வையாளர் ஒருவர்கூடக் காண முடியாத அந்தக் குகைதான், ஒடிசலான வடிவத்தை ஒடிசலாக வைத்திருக்கிறது. சுவரைத் தடிப்பாக விட்டிருந்தால் தவறு நேராது; ஆனால் துப்பாக்கி பருத்துவிடும்.

உலோகத்தை மரத்தில் பதிக்கும் முறையும் அதே பொறுமையைக் கேட்பது. இரும்பின்மேல் விளக்குக் கரி தடவி, மரத்தில் அழுத்தி எடுத்தால், இடிக்கும் இடங்களில் கறுப்பு ஒட்டியிருக்கும். அதை மட்டும் சீவிவிட்டு மறுபடியும் அழுத்த வேண்டும். எட்டுப் பட்டையாகவும், இளைத்தும் விரிந்தும் செல்லும் குழல் முழுவதையும் இப்படியே மரத்தில் உட்கார வைத்திருக்கிறார்கள். பொற்கொல்லர் கல் பதிக்கும் கவனத்துடன், ஆனால் ஒரு முழத்துக்கும் மிக நீண்ட பொருளில்.

கிறிஸ்டியன்ஸ் ஸ்பிரிங் பட்டறையை மற்றப் பட்டறைகளிலிருந்து பிரித்துக் காட்டுவது அதன் செதுக்கு வேலை. கன்னம் பதியும் மேட்டுக்குப் பின்னால், அடிக்கட்டையின் பரப்பில், சுருண்டு விரியும் கொடிகள் மேலெழுந்து நிற்கின்றன. இவை மேலே ஒட்டியவை அல்ல. கொடியைச் சுற்றிலும் உள்ள தளம் முழுவதையும் உளியால் தாழ்த்தியதால் கொடி எஞ்சி நிற்கிறது. உயரம் நகக் கனம் அளவே இருக்கும். அவ்வளவு குறைந்த உயரத்தில் ஒரு சுருள் இன்னொன்றின் அடியில் நுழைந்து வெளிவருவதுபோலக் காட்டுவதற்கு, விளிம்பை ஓரிடத்தில் செங்குத்தாகவும் மற்றோரிடத்தில் கரைந்துபோகும்படியும் வெட்டத் தெரிய வேண்டும். நான் இதில் மிகவும் வியப்பது தாழ்த்திய தளத்தைத்தான். கட்டையின் உருண்ட வடிவத்தைத் தளமும் அப்படியே பின்தொடர்வதால், ஒரு படலம் உரித்து எடுத்ததுபோல இருக்கிறது. எங்கும் குழிந்த தடம் இல்லை.

ஓர்ட்டரின் பெயருக்கு மேலும் ஒளி சேர்த்தது வெள்ளிக் கம்பிப் பதிப்பு. தட்டையான மெல்லிய வெள்ளி நாடாவை மரத்தில் நிறுத்தும் வேலை அது. வளைவு உளிகளால் மரத்தை அகற்றாமல் கீறல் மட்டும் இட்டு, அரத்தால் சொரசொரப்பாக்கிய நாடாவை அதில் செங்குத்தாகத் தட்டிச் செருகுவார்கள். ஈரம் காட்டினால் மரம் ஊதி நாடாவைக் கவ்வும். பிறகு மேற்பரப்புடன் சமமாக அராவினால், மெல்லிய வெள்ளைக் கோடு மட்டும் தெரியும். பசை கிடையாது, ஆணி கிடையாது. மரத்தின் இறுக்கம் ஒன்றே அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. செதுக்கிய கொடி எங்கே முடிகிறதோ அங்கிருந்து வெள்ளிக் கோடு தொடர்ந்து செல்லும்படி அமைப்பதில்தான் கலைஞரின் அடக்கம் தெரியும். பிற்காலத்தில், 19-ஆம் நூற்றாண்டுத் தொடக்கத்தில், வெள்ளித் தகடுகளை இடம் கண்ட இடமெல்லாம் பதித்த துப்பாக்கிகள் வந்தன; அவை கண்ணைப் பறிக்கும், ஆனால் மரத்துடன் பேசமாட்டா. 1770-களின் வேலையே உயர்ந்தது என்பது என் துணிபு.

பித்தளை உறுப்புகளைப் பற்றி நீளச் சொல்ல வேண்டியதில்லை. அடித்தகடு, விசைக்காப்பு முதலியன மணல் அச்சில் வார்த்து அரத்தால் திருத்தப்பட்டவை. கொழுப்புத் துணிகளை வைக்க அடிக்கட்டையின் பக்கத்தில் ஒரு சிறு பெட்டி குடையப்படும். ஜெர்மானிய வழக்கில் அதற்கு நகரும் மர மூடி, அமெரிக்கப் பட்டறைகளில் கீல் வைத்த பித்தளை மூடி பெருவழக்காயிற்று.

பெயரும் ஆண்டும்

இத்துப்பாக்கியில் செய்தவரின் பெயரும் 1775 என்ற ஆண்டும் பொறிக்கப்பட்டுள்ளன. 18-ஆம் நூற்றாண்டு அமெரிக்கத் துப்பாக்கிகளுள் பெரும்பாலானவற்றில் கையொப்பம் கிடையாது. செதுக்குமுறையையும் உறுப்புகளின் வடிவத்தையும் கொண்டே இன்னார் பட்டறை, இன்ன பத்தாண்டு என்று ஆய்வாளர்கள் ஊகிக்கிறார்கள். ஆகவே பெயர், ஆண்டு இரண்டும் கொண்ட ஒரு பொருள், பெயரில்லாத பல பொருள்களை அடையாளம் காண உதவும் அளவுகோலாகிறது. ஓர்ட்டரின் பெயரும் 1775-ஆம் ஆண்டும் தாங்கிய துப்பாக்கிகளில் இன்று அறியப்பட்டவை இரண்டே. மற்றொன்று பிரித்தானிய அரச குடும்பத் தொகுப்பில் உள்ளது. அமெரிக்காவில் போரிட்டுத் திரும்பிய ஓர் அதிகாரி, பின்னாளில் நான்காம் ஜார்ஜ் மன்னரானவருக்கு அதைப் பரிசளித்தார். தோற்கடித்தவர்களின் துப்பாக்கியைத் தோற்றுத் திரும்பியவர்கள் இளவரசருக்கு உரிய பரிசாகக் கருதினார்கள் என்பதைவிடக் கைவேலைக்குப் பெரிய மதிப்புரை கிடைத்திருக்க முடியாது.

களவும் மீட்பும்

1971-இல் அத்துப்பாக்கி வேலி ஃபோர்ஜ் வரலாற்றுச் சங்கத்தின் உடைமையாக, அந்தப் பூங்காவின் கண்காட்சியில் இருந்தது. உடைக்க முடியாதது என்று நம்பப்பட்ட பேழை உடைக்கப்பட்டது. அதன்பின் பல பத்தாண்டுகள் எந்தத் துப்பும் இல்லை. 2018-இல் பழம்பொருள் வணிகர் ஒருவர் ஒரு முதியவரிடமிருந்து அதை வாங்கினார். நகல் என்றே முதலில் எண்ணினார். பின்னர் அது களவுபோன அசல் என்று தெரிந்ததும், வழக்கறிஞர் மூலம் மத்தியப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐயிடம் ஒப்படைத்தார். அதன் கலைப்பொருள் குற்றப்பிரிவு சங்கத்துக்கு அதைத் திருப்பியளித்தது.

துறையறிந்த ஒருவர் அசலை நகல் என்று நினைத்தது எப்படி என்று கேட்கலாம். அதில் வியப்பதற்கு எதுவும் இல்லை. விர்ஜீனியாவின் கலோனியல் வில்லியம்ஸ்பர்க்கில் 1960-கள் முதல் பழைய முறையிலேயே குழலை அடித்து, பொறியை அராவி, கட்டையைச் செதுக்கும் கைவினைஞர்கள் உருவாகியிருக்கிறார்கள். அவர்களைப் பின்பற்றி நாடெங்கும் பலர் மிக உயர்ந்த தரத்தில் செய்கிறார்கள். ஆதலால் நன்கு பேணப்பட்ட, பெயர் பொறித்த ஓர்ட்டர் துப்பாக்கி விற்பனைக்கு வருகிறது என்றால், அது நகல் என்று எண்ணுவதே இயல்பு. ஐயத்தைத் தீர்ப்பவை பொதுவாக வெளிப்புற அழகுகள் அல்ல. குழலைக் கழற்றியபின் தெரியும் பள்ளத்தின் அடிப்பரப்பு, பொறித் தகட்டின் உட்புறம், துணிப்பெட்டியின் உட்சுவர் ஆகிய இடங்களில் பழைய கைவினைஞர் மெருகிடாமல் விட்ட உளித் தடங்கள் இருக்கும். பற்றுவாயைச் சுற்றி இரும்பு அரிக்கப்பட்டிருக்கும். கை பட்ட இடங்களில் செதுக்கின் முனைகள் மழுங்கியிருக்கும். தேய்மானத்தைப் போலியாக உண்டாக்குபவர்கள் பெரும்பாலும் எல்லா இடத்தையும் ஒருபோலத் தேய்ப்பார்கள். உண்மையான தேய்மானம் ஒரு மனிதன் அதை எப்படிப் பிடித்தான் என்பதைக் காட்டும்.

விற்ற முதியவர் 2021-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஒரு நாள் சிறையும், வீட்டுக்காவலும், அபராதமும் விதிக்கப்பட்டன. அவருடைய வயதைக் கருதிய தண்டனை என்றாலும், ஏறத்தாழ ஐம்பது ஆண்டுக்காலம் ஆய்வாளர்கள் இத்துப்பாக்கியைக் கழற்றிப் பார்க்கவோ அளவெடுக்கவோ முடியாமல் போன இழப்பை எந்தத் தண்டனையும் ஈடுசெய்யாது. அந்த இடைவெளியில் இத்துறையின் அறிவு பன்மடங்கு வளர்ந்தது. அதற்கு ஓர் அளவுகோலாக நின்றிருக்க வேண்டிய பொருள் இருட்டில் கிடந்தது.

விசாரணையின் தொடர்ச்சியாக, 1970-களில் பல அருங்காட்சியகங்களிலிருந்து களவுபோன 50 பொருள்களை 2023 மார்ச் மாதத்தில் எஃப்பிஐ ஐந்து மாநிலங்களைச் சேர்ந்த 17 நிறுவனங்களிடம் அதே பிலடெல்பியா அருங்காட்சியகத்தில் வைத்து ஒப்படைத்தது. துப்பாக்கிகளுடன் வெடிமருந்து வைத்துக்கொள்ளும் 18-ஆம் நூற்றாண்டின் மருந்துக் கொம்புகளும் அவற்றில் இருந்தன. இந்த நிறுவனங்கள் ஒவ்வொன்றும் தம் பொருள்களின் வெளித்தோற்றத்தை மட்டும் படமெடுத்து நிறுத்திக்கொள்ளாமல், கழற்றிய நிலையில் உட்பரப்புகளையும், பள்ளங்களின் உளித் தடங்களையும், குழலின் அடிப்புறக் குறிகளையும் பதிவுசெய்து வைப்பது நல்லது. ஓர்ட்டர் துப்பாக்கிக்கு அவர் பெயர் இருந்தது. பெயர் பொறிக்காத பொருள்களுக்கு அந்த உளித் தடங்களே கையொப்பம்.